கம்பளக் கடையில் ஒரு கடல்

சனிக்கிழமை காலையில் அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைத்தால் அதுவே ஓர் அற்புதம்தான். அதற்குமேல் ஓர் அற்புதம் வேண்டும் என்று ஏங்குகிறவர்கள்தான் அங்கே வந்து வரிசையில் நின்றார்கள்.

தெருக்கோடியில் ஒரு கம்பளக் கடை. கூட்டம் கம்பளம் வாங்க வந்ததல்ல. கடைக்குப் பின்னால், சுருட்டி அடுக்கிய கம்பளங்களுக்கு நடுவில் ஒரு கிடங்கு அறை. அறையில் ஒரு மேசை. மேசைமேல் அகலமான பித்தளைத் தாம்பாளம். தாம்பாளம் நிறையத் தண்ணீர். தண்ணீரில் உள்ளங்கை அளவு மரப்படகு ஒன்று. யாருடைய மாமியார் விசா கிடைத்துக் கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வருவார், யாருடைய மாமனார் ஊரிலேயே கிடப்பார் என்பதை அந்தப் படகு சொல்லிவிடுமாம்.

பாவம், விசா அதிகாரிகளுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு தாம்பாளத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

படகை ஓட்டியவரின் பெயர் யாருக்கும் தெரியாது. படகு ஐயா என்றால் தெரியும். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தோளில் தங்க நிறப் பட்டை. பார்த்தால் கப்பல் தலைவரா சாமியாரா என்று சட்டென்று சொல்ல முடியாது. இரண்டு உத்தியோகத்துக்கும் நடுவில் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார். முன்பு கைப்பேசிக் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார் என்று சிலர் சொல்வார்கள். அதை ஐயாவும் மறுத்ததில்லை. அப்போது கண்ணாடி ஒட்டினேன், இப்போது கண்டங்களை ஒட்டுகிறேன் என்பார். கூட்டம் சொக்கிப் போகும்.

ஐயா பணத்தைக் கையால் தொடமாட்டார். துறந்தவர். வாசலில் அவருடைய மச்சான் கார்டு தேய்க்கும் கருவியோடு உட்கார்ந்திருப்பார். ஐயா துறந்ததையெல்லாம் மச்சான் மனம் கோணாமல் ஏற்றுக்கொண்டார்.

காரியம் நடக்கிற விதம் இதுதான். வரவேண்டிய மாமியாரின் பாஸ்போர்ட் படத்தைப் படகில் நிறுத்துவார்கள். தாம்பாளத்தின் ஒரு விளிம்பு ஊர்க்கரை. எதிர் விளிம்பு இந்தக் கரை. ஐயா மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவார். பாருங்கள், தொடவில்லை. கண்ணை மூடுவார். உதடு எதையோ முணுமுணுக்கும். படகு மெல்ல அசையும். பிறகு, துடுப்பும் இல்லாமல் காற்றும் இல்லாமல், மாமியாரைச் சுமந்துகொண்டு புறப்படும். பார்க்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். நடுக்கடல் வந்ததும் படகு நின்றுவிடும்.

"சுழல்," என்பார் ஐயா, கண்ணைத் திறக்காமலே.

முதல் தடவை வந்த எவருடைய மாமியாரும் சுழலைத் தாண்டியதில்லை. சுழலுக்குப் பரிகாரம் இருந்தது. பரிகாரத்துக்கு மச்சான் இருந்தார்.

விசா கிடைத்தவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். எப்படிக் கிடைத்தது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. படகு வாங்கிக் கொடுத்தது என்று ஐயா சொன்னார். மறுத்துப் பேச அவர்கள் அந்தப் பக்கம் வரவே இல்லை. மாமியாருக்கு ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கூட்டத்தில்தான் நம்முடைய மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்.

மாப்பிள்ளை லிப்ட் பழுதுபார்க்கிறவர். லேசுப்பட்ட ஆள் இல்லை. இரும்பு வடத்தைக் கண்ணால் பார்த்து, கையால் தடவி, விளக்கடித்துச் சோதித்த பிறகுதான் ஓர் ஆளை உள்ளே ஏறவிடுவார். பிரேக்கை ஒரே தடவை பார்த்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. தர்ப்பூசணி வாங்கப் போனால் கடையில் இருக்கிற அத்தனையையும் தட்டிப் பார்த்துக் கடைக்காரரிடம் வசவு வாங்குவார். அப்பேர்ப்பட்டவர் அந்தத் தாம்பாளத்தை மட்டும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கவில்லை. இருந்த சந்தேகத்தையெல்லாம் லிப்டுக்கும் தர்ப்பூசணிக்கும் செலவழித்துவிட்டு, கையில் மிச்சமில்லாமல் வந்திருந்தார் போலிருக்கிறது.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. வீட்டில் மனைவிக்குத் தலைப்பிரசவம். வயிறு முன்னால் நடக்க ஆள் பின்னால் நடக்கும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் நகை கேட்கவில்லை, புது வீடு கேட்கவில்லை. குழந்தை பிறக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தாள். அம்மாவோ கடலுக்கு அப்பால். நடுவில் ஒரு விசா.

எதிர்வீட்டு டாக்சிக்காரர்தான் வழி காட்டினார். அவரும் தம் மாமனாரை வரவழைக்க நடையாய் நடந்துகொண்டிருந்தவர். ஒரு தடவை மறுத்தாகிவிட்டது. ஆனாலும் ஐயாமேல் அவருக்கு இருந்த நம்பிக்கை குறையவில்லை. கூடியிருந்தது. பரிகாரம் செய்தும் மறுக்கிறார்கள் என்றால் சுழல் எவ்வளவு பெரியது பாருங்கள் என்று பெருமையாகவே சொன்னார்.

மாப்பிள்ளையின் மாமியார் நடுக்கடலில் நின்றார். ஐயா நெற்றியைச் சுருக்கினார்.

"விண்ணப்பம் போட்டாச்சா?"

"இனிமேதான் ஐயா."

"நல்லவேளை. ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்க. பயணம் கிளம்புறப்பவே திரும்புற பேச்சை எடுத்தா படகு திரும்பிடும். அந்தத் தாள்ல திரும்பி வர்றதைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. வீடு இருக்கு, வாசல் இருக்கு, புருஷன் இருக்கார்னு எழுதினா, அதெல்லாம் கயிறு. பின்னால இழுக்கும். எல்லாத்தையும் அறுத்து விடு. படகு லேசா இருக்கணும்."

கேட்டதும் மாப்பிள்ளைக்குப் பளிச்சென்று புரிந்தது. வீட்டில் யாராவது வெளியே கிளம்பும்போது அபசகுனமாகப் பேசக்கூடாது என்று அவரும் கேட்டு வளர்ந்தவர்தானே. அதிகாரியும் யாரோ ஒரு வீட்டில் அப்படிக் கேட்டு வளர்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மாலையே மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார். சொந்த நாட்டுக்குத் திரும்புவதற்கு உங்களுக்கு இருக்கும் காரணங்கள் யாவை என்று ஒரு கேள்வி வந்தது. மாமியாருக்குச் சொந்த வீடு இருந்தது. ஓய்வூதியம் இருந்தது. அடுப்புப் பற்ற வைக்கத் தெரியாத ஒரு கணவர் இருந்தார். மாப்பிள்ளை எல்லாக் கயிற்றையும் அறுத்தார். 'ஒன்றுமில்லை' என்று எழுதினார். எழுதிவிட்டு ஒரு கும்பிடும் போட்டார்.

பதில் தாமதமில்லாமல் வந்தது. இவர் குறித்த காலத்தில் திரும்பிப் போவார் என்று நம்ப எங்களுக்குக் காரணம் தென்படவில்லை, ஆகவே மறுக்கிறோம்.

எப்படித் தென்படும்? இவர்தான் ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லியிருந்தாரே. ஆனால் மாப்பிள்ளை அந்த வாக்கியத்தைப் பாதிகூடப் படிக்கவில்லை. மறுக்கிறோம் என்ற சொல்லோடு கண் நின்றுவிட்டது. தாளைத் தூக்கிக்கொண்டு கம்பளக் கடைக்கு ஓடினார். ஐயா அதை வாங்கினார், படிக்கவில்லை, தாம்பாளத்தில் நனைத்துப் பிழிந்து கொடுத்தார். மறுப்பை நாலு பேரிடம் காட்டக்கூடாது, காட்டினால் மறுப்பு பெருகும் என்று எச்சரித்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அந்த எச்சரிக்கையை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தவர்கள்தான். எவரும் எவரிடமும் காட்டவில்லை.

இரண்டாவது தடவையும் படகு சுழலில் நின்றது. இம்முறை ஐயா கண்டுபிடித்தது வேறு. மாமியாருக்கு நம்பிக்கை போதவில்லை. வாய் கொஞ்சம் நீளம்.

இதில் மட்டும் ஐயாவைக் குறை சொல்ல முடியாது. மாமியாருக்கு வாய் நீளம்தான். வணிகவரி அலுவலகத்தில் ஆயுசு முழுக்கக் கடை கடையாகச் சோதனைக்குப் போனவர். மேசைமேல் அடுக்கி வைத்ததை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை, ஒளித்து வைத்ததைத்தான் தேடுவார் என்று கடைக்காரர்கள் நடுங்குவார்கள். வீடியோ அழைப்பில் மாப்பிள்ளை படகு விஷயத்தைப் பயபக்தியோடு விவரித்தபோது, மாமியார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"மாப்பிள்ளை, படகு நகர்றப்ப உங்க ஐயா எங்க இருப்பாரு?"

"மேசைக்குப் பின்னால, நாற்காலியில அத்தை. ரெண்டு கையும் மேல தூக்கிட்டு இருப்பாரு."

"கை மேல. சரி. கால்?"

கால் எங்கே இருக்கும்? காலுள்ள இடத்தில்தான் இருக்கும். மேசையில் விரிப்புத் தொங்கியது, அதனால் தெரியவில்லை. இதெல்லாம் ஒரு கேள்வியா என்று மாப்பிள்ளைக்கு மனம் கசந்தது. ஐயா சொன்னது எவ்வளவு உண்மை என்று வியந்துகொண்டார்.

இரண்டாம் பரிகாரமாக, காலிப் பெட்டி ஒன்றை வாய் திறந்தபடி வாசலை நோக்கி வைக்கச் சொல்லியிருந்தார் ஐயா. மாப்பிள்ளை வைத்தார். வீட்டுக்குள் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அதில் இடறினார்கள். மனைவி இரண்டு தடவை இடறினாள். மூன்றாம் தடவை நின்று, ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏங்க, இந்தத் தடவை விண்ணப்பத்த நான் போடுறேன். நீங்க படகைப் பாத்துக்கங்க."

வேலை பகிர்ந்துகொண்டாகிவிட்டது. மாப்பிள்ளை சனிக்கிழமைதோறும் படகைப் பார்த்தார். அம்மாவும் மகளும் விண்ணப்பத்தைப் பார்த்தார்கள். என்ன எழுதினார்கள் என்று அவர் கேட்கவில்லை. அதெல்லாம் வெறும் காகித வேலை. நிஜமான வேலை தாம்பாளத்தில் அல்லவா நடக்கிறது. மூன்றாம் பரிகாரம்தான் பெரிது என்று ஐயா சொல்லியிருந்தார். மச்சானிடம் அதற்கான தொகையைக் கேட்ட மாப்பிள்ளை, சம்பளம் வரட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தார்.

தள்ளிப் போட்டிருந்த அந்த இடைவெளியில் விசா வந்துவிட்டது.

வீட்டில் ஒரே கூத்து. மனைவி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். மாப்பிள்ளை திறந்த பெட்டியின் முன்னால் நின்று கைகூப்பினார். இரண்டு பரிகாரத்துக்கே இந்தப் பலன் என்றால் மூன்றாவதையும் செய்திருந்தால் மாமியாருக்குக் குடியுரிமையே கிடைத்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போதே ஐயாவிடம் ஓடியிருப்பார். மனைவிதான் பிடித்து நிறுத்தினாள். அம்மா முதலில் வந்து சேரட்டும், பிறகு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள் என்றாள்.

மாமியார் வந்து சேர்ந்தார். காரில் ஏறியதும் மாப்பிள்ளை ஆரம்பித்துவிட்டார். எல்லாம் ஐயா புண்ணியம், படகு இல்லாவிட்டால் நீங்கள் இந்த மண்ணில் கால் வைத்திருக்க முடியாது. மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மாமியார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"அப்படின்னா நேர்ல போய் ஒரு நன்றி சொல்றதுதான் மாப்பிள்ளை முறை."

மாப்பிள்ளைக்கு நம்பமுடியவில்லை. அத்தை திருந்திவிட்டார். விமானம் அவ்வளவு உயரத்தில் பறந்ததில் ஏதோ தெளிந்திருக்கிறது.

"ஆனா ஒண்ணு," என்றார் மாமியார். "நான் வந்துட்டேன்னு அவர்கிட்ட சொல்லாதீங்க. எப்பவும் போல என் படத்த வச்சு, நான் வருவேனா மாட்டேனான்னு கேளுங்க. படகுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் வந்து இறங்கினது தெரியாமலா போயிடும்? அது நேரா கரைக்கு வந்து நிக்கறத நானும் கண்ணால பாத்துக்கறேன்."

மாப்பிள்ளை யோசித்தார். இதில் தவறு ஒன்றும் தெரியவில்லை. தவறு தெரியாததில்தான் அவருக்கு ஏதோ இடித்தது. அதை விமான நிலைய நெரிசலின் மேல் பழி போட்டுவிட்டுச் சம்மதித்தார்.

சனிக்கிழமை காலையில் ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்துவிட்டு, வேலை உடுப்போடும் பையில் திருப்புளி ஸ்பேனர்களோடும் வந்து மாமியாரைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை கம்பளக் கடைக்குப் போனார். மாமியார் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கம்பளித் தொப்பியும் கழுத்துத் துணியும் சுற்றியிருந்தார். அதெல்லாம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பாஸ்போர்ட் படத்தில் இருப்பது போல உலகத்தில் யாரும் இருப்பதில்லை. இருந்தால் மருத்துவமனைக்குத்தான் கூட்டிப் போகவேண்டும்.

கிடங்கு அறை நிரம்பி வழிந்தது. சுருட்டிய கம்பளங்கள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். டாக்சிக்காரர் முன்வரிசையில் இருந்தார். மாமனாருக்கு இரண்டாம் விண்ணப்பம் அன்று போடப்போகிறார். எல்லாக் கயிற்றையும் அறுத்தாயிற்று, படகைக் கடைசியாக ஒருதரம் பார்த்துவிட்டு அனுப்பவேண்டியதுதான் பாக்கி என்றார். பக்கத்தில் ஒரு நர்ஸ் அம்மா. மாமனாருக்கு இரண்டு முறை மறுத்துவிட்டார்கள் என்று மூக்கை உறிஞ்சினார். மாமியார் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

மாப்பிள்ளையின் முறை வந்தது. படம் படகில் ஏறியது. ஐயாவின் கைகள் மேலே போயின.

படகு அசைந்தது. புறப்பட்டது. மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டார். வா, வா, கரைக்கு வா. அத்தை இதோ பக்கத்தில்தான் நிற்கிறார், வா. பிரேக் பிடிக்காத லிப்டைப் பார்த்துக்கூட அவர் இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

படகு நடுக்கடலில் நின்றது.

"கனத்த சுழல்," என்றார் ஐயா. "மூணாவது பரிகாரத்தத் தள்ளிப் போட்டேல்ல? இப்ப பாரு. இந்த வருஷம் இந்த அம்மா இந்த மண்ண மிதிக்க வழியே இல்ல."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அந்த மண்ணை மிதித்துக்கொண்டிருந்த மாமியாரும் சேர்ந்து உச்சுக் கொட்டினார்.

"ஐயா," என்றார் அவர், குரலைக் குழைத்துக்கொண்டு. "நான் இவங்களுக்குச் சொந்தம். மனசு கேக்கல. அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்க, என்ன பண்றாங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

ஐயா கண்ணை இன்னும் இறுக்கி மூடினார். "தெரியுது. அவங்க வீடு. ஜன்னல் ஓரம் உக்காந்திருக்காங்க. பொண்ண நெனச்சு கண்ணுல தண்ணி."

"தண்ணி என்னமோ வருதுதான்," என்றார் மாமியார். "இந்தக் கம்பளத் தூசி எனக்கு ஆகல."

தொப்பியைக் கழற்றினார். பாஸ்போர்ட்டை எடுத்து, விசா ஒட்டிய பக்கத்தையும் விமான நிலைய முத்திரையையும் விரித்து, நடுக்கடலுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். படகில் நிற்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் எதிரில் நிற்பவரும் ஒரே ஆள் என்பது கூட்டத்துக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முன்வரிசை பின்வரிசைக்குச் சொன்னது. பின்வரிசை கம்பளத்திலிருந்து இறங்கியது.

ஐயா கண்ணைத் திறந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். லேசுப்பட்டவரா அவர்? முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"வந்திருக்கறது உடம்பு," என்றார் சாந்தமாக. "உயிர் இன்னும் அந்தக் கரையிலதான் இருக்கு. படகு பொய் சொல்லாது."

அட, அதற்கும் தலையாட்டினார்கள். டாக்சிக்காரர்கூட ஆட்டினார். நெடுந்தூரப் பயணம் செய்தவர்களுக்கு முதல் சில நாள் தூக்கக் கலக்கமாக இருப்பது அதனால்தான் என்று யாரோ பின்னால் விளக்கம்கூடச் சொன்னார். நிஜம் எதிரில் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றாலும், அதற்கும் ஒரு சமாதானம் தேடிக் கொடுக்கிற நல்ல மனசு நம் ஆட்களுக்கு உண்டு.

மாமியார் அசரவில்லை.

"அப்ப உசுருக்குத் தனியா விசா போடணும். சரி, போட்டுக்கலாம். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க ஐயா. அந்த நாற்காலிய விட்டு எழுந்து இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. படகு உங்க பேச்சக் கேக்குதா, நாற்காலி பேச்சக் கேக்குதான்னு பாத்துடுவோம்."

தியானத்தில் இருக்கும்போது எழக்கூடாது என்றார் ஐயா. அப்படியானால் தியானம் முடியட்டும், காத்திருக்கிறோம் என்றார் மாமியார். இன்றைக்கு முடியாது என்றார் ஐயா. வாசலில் மச்சான் கருவியை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.  தாம்பாளத்துத் தண்ணீர் இலேசாக நடுங்கியது. அது ஏன் நடுங்குகிறது என்று அன்றைக்குத்தான் மாப்பிள்ளை முதன்முதலாக யோசித்தார்.

மாமியார் அவர் பக்கம் திரும்பினார். குரலில் கேலி இல்லை.

"மாப்பிள்ளை, ஒரு லிப்ட் நடுவுல நின்னுட்டா நீங்க முதல்ல எங்க போய்ப் பாப்பீங்க?"

"அடியில, அத்தை," என்றார் மாப்பிள்ளை. "கீழ குழியில இறங்கிப் பாப்பேன்."

சொன்ன வாய் மூடுவதற்குள் அவருக்கே சுருக்கென்றது. எத்தனை சனிக்கிழமை இந்த மேசையின் முன்னால் உட்கார்ந்திருப்பார். அம்மா வேண்டும் என்று ஒருத்தி வீட்டில் பெட்டியில் இடறி விழப்பார்த்தாள். இவர் இங்கே உட்கார்ந்து பித்தளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து அந்த விரிப்பைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பையிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்தார். முட்டிபோட்டார். "ஏய், ஏய், அங்க வராத," என்று ஐயாவின் குரல் மேலிருந்து வந்தது. கப்பல் தலைவரின் குரலாகவும் இல்லை, சாமியாரின் குரலாகவும் இல்லை. மாப்பிள்ளை விரிப்பைத் தூக்கி ஸ்பேனரை உள்ளே நீட்டினார். நீட்டியதுதான் தெரியும். யாரோ வெடுக்கென்று பிடுங்கியதுபோல் ஸ்பேனர் கையைவிட்டுத் துள்ளிப் போய், டங் என்ற சத்தத்தோடு ஐயாவின் முழங்காலில் ஒட்டிக்கொண்டது.

ஐயா பதறிப் பாதி எழுந்தார். விரிப்பும் சேர்ந்து எழுந்தது. வெள்ளைக் கால்சட்டையின் முழங்காலில், விருது கொடுத்ததுபோல, ஸ்பேனர் தொங்கியது. அவர் அதைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை உதறினார். முழங்கால் மேசையின் அடிப்பலகையில் இப்படியும் அப்படியும் உரசியது. மேலே, மாமியாரின் படத்தைச் சுமந்த படகு சுழலைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்தது, ஊர்க்கரைக்குத் திரும்பியது, மறுபடி வந்தது. ஐயா உதற உதற, எந்த விமானக் கம்பெனியும் கொடுக்காத வேகத்தில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

"இப்ப என் உசுரு வந்து சேர்ந்துடுச்சு போல," என்றார் மாமியார்.

கால்சட்டைக்குள் பட்டை போட்டுக் கட்டியிருந்த காந்தத்தை டாக்சிக்காரரே பிடுங்கி எடுத்தார். மாப்பிள்ளை படகைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கவிழ்த்தார். அடியில் ஓர் இரும்பு ஆணி. அவ்வளவுதான் தெய்வம். மச்சான் இதற்குள் கருவியோடு கடையின் முன்வாசலுக்குப் போயிருந்தார். ஆனால் வெளியே வண்டியை எடுக்க இடமில்லை. அவரே கூட்டிய கூட்டம் தெருவை அடைத்து நின்றது. வாங்கியதைத் திருப்பித் தேய்த்துக் கொடுக்கும்வரை நகராது என்று அது சொல்லிவிட்டது.

பிறகு நர்ஸ் அம்மா ஒரு காரியம் செய்தார். பையிலிருந்து நனைந்து காய்ந்த மறுப்புத் தாளை எடுத்து, ஐயா கூடாது என்று சொன்னபடியே நாலு பேரிடம் காட்டினார். டாக்சிக்காரர் தம்முடையதை எடுத்தார். இன்னும் பலர் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம். திரும்பிப் போவார் என்று நம்பக் காரணம் தென்படவில்லை.

"உங்களுக்கும் இதேதானா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். சுழல் எங்கே இருந்தது என்று யாரும் தனியாக விளக்கவேண்டி வரவில்லை.

மாமியாருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். அவர் சொன்னார். "உள்ளத எழுதினோம். எனக்கு வீடு இருக்கு, பென்ஷன் இருக்கு. குடியிருக்கற கட்டடத்துக்கு நான்தான் பொருளாளர், தண்ணி மோட்டார் சாவி என் இடுப்புல. எங்க வீட்டுக்காரருக்கு நான் இல்லாட்டி ஒரு டம்ளர் காப்பி கிடைக்காது. நான் திரும்பிப் போகாம இருக்க முடியுமா? அந்த ஆபீசர் கேட்டது அது ஒண்ணுதான். நீங்க எல்லாம் அதுக்கு மட்டும் பதில் சொல்லல."

இதைக் கேட்டதும் கூட்டம் என்ன செய்தது தெரியுமா? யோசித்தது என்று நினைத்தால் உங்களுக்கு நம் ஆட்களைத் தெரியாது. முன்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி வந்து மாமியாரின் காலில் விழுந்தார். பின்னால் இன்னொருவர். அம்மா, உங்க கையால எங்க விண்ணப்பத்த ஒரு தடவை தொட்டுக் கொடுங்க என்றார் மூன்றாமவர். ஒருவர் அந்தக் கம்பளித் தொப்பியைக் கடனாகக் கேட்டார்.

மாமியார் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, வண்டிய எடுங்க," என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் நின்னா என்னையும் தாம்பாளத்துல உக்கார வச்சுடுவாங்க."

டாக்சிக்காரர் அன்று விண்ணப்பத்தை அனுப்பவில்லை. வீட்டுக்குப் போய், அறுத்த கயிற்றையெல்லாம் ஒன்றொன்றாக முடிந்தார். மாமனாருக்கு மாடு இருந்தது, தோப்பு இருந்தது, தீராத ஒரு பாகப்பிரிவினை வழக்கு இருந்தது, அத்தனையும் எழுதினார். வழக்கைப் பார்த்தே விசா கொடுத்துவிட்டார்கள் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நர்ஸ் அம்மாவின் மாமனாருக்கு மூன்றாம் தடவையும் மறுத்தார்கள். ஆனால் காரணம் வேறு. அவர் இம்முறை அதை முழுக்கப் படித்துவிட்டு, நாலாம் தடவைக்கு வேண்டியதைச் சேகரித்துக்கொண்டிருக்கிறார்.

மாப்பிள்ளை வீட்டில் பெண் குழந்தை. வலி எடுத்தபோது மகளின் ஒரு கை அம்மாவின் கைக்குள் இருந்தது. மறு கை கணவரின் கையை நசுக்கிக்கொண்டிருந்தது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய சமயம், இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன் அத்தை என்று மாப்பிள்ளை கெஞ்சினார். மாமியார் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த தேதியில் விமானம் ஏறினார்.

படகு ஐயாவைக் காணோம். அடுத்த தெருவில், ஒரு தையல் கடையின் மாடியில், பயணப் பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டே விசா வருமா வராதா என்று சொல்லுகிற ஒரு பெட்டி அம்மா கிளம்பியிருக்கிறாராம். சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் வண்டி நிறுத்த இடமில்லை. கேள்விப்பட்டவர்கள் கிளம்பிப் போவார்கள், தடுக்க நம்மால் ஆகாது. போங்கள், தாராளமாக விழுந்து கும்பிடுங்கள். குனிந்ததுதான் குனிகிறீர்கள், அப்படியே மேசைக்கு அடியிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிருங்கள்.